சீமெந்துக்குப் பின்னால் மண்சுவர்

“மண்சுவருக்குள்ள படுத்தெழும்பினவள் கட்டடம் படிச்சு என்னத்தை வெட்டி விழுத்தப்போறாள்?”

நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று மாமா கேட்டது. அம்மாவின் தம்பி, புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை வீடுகளின் பின்னறைகள் எல்லாம் மண்சுவர். கட்டட விதிப்படி அது நிரந்தரச் சுவர் அல்ல. அதிகாரி கண்டால் இடிக்கச் சொல்லலாம். அதனால் ஒழுங்கையில் எல்லாரும் செய்ததையே மாமாவும் செய்தார். மண்ணுக்கு மேல் சீமெந்து பூசி, வெள்ளையடித்து, கல்வீடு என்று ஆக்கிவிட்டார். அம்மா பாற்சோறு சமைத்து அயலுக்கெல்லாம் கொடுத்தார்.

பிறகு மழை வந்தது. அம்மாவின் கட்டில் அந்தச் சுவரோரம். ஒரு காலை, கட்டிலில் இருத்தி அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது என் முழங்கை சுவரில் பட்டது. வெறும் பானையைத் தட்டியது போலச் சத்தம். சுவரின் அடியை அழுத்தினேன். பூச்சு உள்ளே போனது. மண் குடித்த தண்ணீரைச் சீமெந்து வெளியே விடவில்லை.

“பூச்சை உடைக்கவேணும் அம்மா. சுவர் காயவேணும்.”

வாசலில் நின்ற மாமா என்மேல் பாய்ந்தார். “உடைச்சா மண் தெரியும். தெரிஞ்சா அறையே போயிடும். உங்கட கொலிஜ்ல இதையோ படிப்பிச்சவங்கள்?”

“ஓம் மாமா, இதையுந்தான்.”

அம்மா பின்னலைத் தானே முடிந்துகொண்டு கேட்டார்: “அப்ப சட்டம் பிழையோ பிள்ளை?”

“பிழையெண்டு இல்லை அம்மா. சுவர் விழுந்து ஆக்கள் சாகக் கூடாதெண்டு எழுதினது. ஆனா ஒழுங்காக் கட்டின மண்சுவருக்கு அதில இடமில்லை. அதாலதான் எல்லாரும் ஒளிக்கினம். ஒளிக்கிறதாலதான் நனையுது.”

“காய்ஞ்சா நிக்குமோ?”

நிற்கும் என்று சட்டென்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அந்தச் சுவரோரம் படுப்பவர் அம்மா.

“நிக்குமெண்டுதான் நினைக்கிறன். திறந்து பாக்காமல் சத்தியம் பண்ண மாட்டன்.”

அம்மா என் கன்னத்தைத் தடவினார். பிறகு மாமாவைப் பார்த்து, “கட்டிலின்ர அந்தப் பக்கத்தைத் தூக்கடா தம்பி” என்றார். முணுமுணுத்தபடியே மாமா தூக்கினார். கட்டில் முன்னறைக்குப் போனது.

அன்று பின்னேரமே அடிப்பூச்சை உடைத்தேன். ஈரமண் வாசம் வீடெங்கும் பரவியது. அடுத்த நாள் மாநகரசபைக் கந்தோருக்குப் போய், எங்கள் பின்னறை மண்சுவர் என்று ஒளிக்காமல் சொல்லி, கட்டட அதிகாரியை வந்து பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.