அம்மாவின் கம்மலும் மாமாவின் லீக்ஸும்

என் மாமா யோசித்துச் செய்கிறவர் இல்லை, செய்துவிட்டு யோசிக்கிறவர். அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே திரும்பி வந்தவர். அதனால் அவருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நாங்கள் நம்பினோம். அவரும் நம்பினார், அதுதான் வினை.

இது நடந்ததற்கு முந்தின வருஷம், தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸின் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. மேல் லயத்தில் ஒருவர் லீக்ஸ் விற்ற காசில் பெரிய டிவி வாங்கி, சத்தத்தைக் கூட்டிவைத்து ஊர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் இல்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் துண்டு நிலம் முழுக்க லீக்ஸ் போடுவோம் என்று அம்மாவை நச்சரிக்க ஆரம்பித்தார். விதைக்கும் உரத்துக்கும் காசு? அது அம்மாவின் காதில் கிடந்தது.

"அக்கா, தங்கம் சும்மா காதுல தொங்கிக்கிட்டு இருந்தா குட்டியா போடப்போகுது? லீக்ஸ் வித்ததும் மொத வேலையா கம்மலத்தான் மீட்டுக் குடுப்பேன்."

அம்மாவிடம் இருந்த ஒரே நகை அது. நான் பெரியவளானதும் எனக்குத்தான் என்று பேசி வேறு வைத்திருந்தோம். அம்மா ரொம்ப நேரம் தயங்கினாள். மேல் லயத்து டிவி கத்திக்கொண்டே இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டாள். கம்மல் டவுன் அடகுக் கடைக்குப் போனது. காது தூர்ந்துவிடக் கூடாதென்று அம்மா ஓட்டைகளில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பரா அத்தை மட்டும் ஒரு பாத்தி போஞ்சி என்கிற பீன்ஸ், ஒரு பாத்தி கோவா என்கிற முட்டைக்கோஸ், ஒரு பாத்தி லீக்ஸ் என்று கலந்து போட்டிருந்தார். மாமா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நக்கலடித்தார்.

"என்னாங்கக்கா, இது தோட்டமா, சாம்பார் சட்டியா?"

"எது வெல போகுமுன்னு எனக்கு என்னாப்பா தெரியும்?" என்றார் அத்தை. பாவம், ஒன்றும் தெரியாதவர் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் லீக்ஸோ கண்பட்டுவிடுகிற மாதிரி வளர்ந்தது. பிடுங்குகிற அன்றைக்கு அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் விரல் விறைக்க விறைக்கக் கழுவி, கட்டுக் கட்டாகக் கட்டி, ரோட்டோரம் அடுக்கினோம். கம்மல் அன்று சாயங்காலமே வந்துவிடும் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

கினிகத்தேனையிலிருந்து வரும் மரக்கறி லொறி வந்தது. நிற்காமல் போகப் பார்த்தது. மாமா ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். சிங்கள டிரைவர் எட்டிப்பார்த்துக் கையை விரித்தார்.

"லீக்ஸ் எப்பா, மல்லி! வேணாம், தம்பி. எல்லா மலையிலயும் இந்த வருஷம் லீக்ஸ்தான். தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோற டீசல் காசுக்கும் காணாது. போஞ்சி இருந்தா குடு."

அத்தையின் போஞ்சி மூட்டை ஏறியது. லொறி போய்விட்டது.

அம்மாவின் இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போயின. பிறகு மாமா திடீரென்று வெறி பிடித்தவர் போல ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பள்ளத்தில் எறிய ஆரம்பித்தார். அம்மா தடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒரு சோற்றுப் பருக்கை சிந்தினாலே முதுகில் ஒன்று வைக்கிற அம்மா, பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் லீக்ஸில் ஏதோ கோளாறு இருக்கிறது, டிரைவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பள்ளத்தில் இறங்கி ஒன்றை எடுத்துவந்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு மடலாக உரித்தேன்.

"என்னாடி தேடுற?"

"புழு."

அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, நறுக்கிச் சட்டியில் போட்டாள்.

"நல்ல லீக்ஸ்தான்டி. எல்லாருகிட்டயும் நல்லா வெளஞ்சிருச்சு."

அடுப்பு வெளிச்சத்தில் காதில் ஈர்க்குச்சி தெரிந்தது. எல்லோருக்கும் நன்றாக விளைந்தால் நல்லதுதானே, அதற்கு ஏன் அம்மா அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.