விவசாயிகள் ஆட்சியில் கோப்பி

கன்ரீனில் வேலை செய்கிறவைக்குத் தெரியும், ஆட்சி மாறினால் முதலில் மாறுவது சட்டமில்லை, காலைச் சாப்பாடுதான். நான் மாகாணச் சட்டசபைக் கட்டடத்துக் கன்ரீனில் சேர்ந்த வருசம் விவசாயிகள் கட்சி ஆட்சிக்கு வந்தது. எங்கள் வீட்டுக்குக் கிட்ட, மோர்னிங்சைட்டில், பிள்ளைகளைப் பார்க்கிற டேகெயார் திறக்கிறது ஏழு மணிக்கு. மகளை அங்கே விட்டுவிட்டு ஓடினால் கன்ரீன் திறக்கிற எட்டரைக்கு வேலைக்கு வரலாம். அந்த நேரம் ஒத்துவந்தபடியால்தான் இந்த வேலை. விடியவே பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இது விளங்கும்.

அந்தக் கட்சிக்காரர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

வாசலில் நின்றவை

முதல் கிழமையே நான் வரும்போது கன்ரீன் வாசலில் ஒரு கூட்டம். சமையல்கார மேரி அன்ரி எட்டிப் பார்த்து, "போராட்டமோ பிள்ளை?" என்று கேட்டா. போராட்டமில்லை, எல்லாரும் சட்டசபை உறுப்பினர்கள். முன்னுக்கு நின்ற பெரிய மனிசன் ஒரு அமைச்சர், ஊரில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறவர். இன்னும் வெள்ளென, விடியவே திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்டது இதுதான்:

"நாலு மணிக்கு எழும்பினனான். வீட்டை எண்டால் இதுக்குள்ளை மாட்டுக்கு நான் சாப்பாடு போட்டிருப்பன். இஞ்சை எனக்கு ஆர் போடுறது?"

மிச்சச் சாப்பாடு

அவை சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுப் போவதில்லை. மிச்சத்தை வழித்துக்கொண்டு நேரே குசினிக்குள் வந்துவிடுவினம். பன்றி வளர்க்கிற ஒரு பெண் உறுப்பினர் எங்கள் குப்பை வாளியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"இவ்வளவு நல்ல சாப்பாட்டை எறியிறியள் எண்டு தெரிஞ்சால் என்ரை பன்றியள் அழும்."

வெயில் எறித்த நாள்

மே மாதம் மழை விட்டு நிலம் காய்ந்ததும் சபையில் ஆளும் கட்சி வாங்குகள் வெறிச்சோடிப் போயின. எல்லாரும் விதைக்கப் போய்விட்டினம். வாக்கெடுப்பு மணி அடிக்க, கட்சிக் கொறடா கன்ரீனுக்குள் ஓடிவந்து மேசைகளுக்குக் கீழேயும் பார்த்தார். மேரி அன்ரி யன்னலைக் காட்டினா.

"உந்த வெயிலுக்கை அவை இஞ்சை ஏன் நிக்கினம்?"

திறப்பு

நான் பயந்தது கடைசியில் நடந்தது. விடியவே வருகிற உறுப்பினர்களுக்காகத் திங்கட்கிழமை தொடக்கம் ஐந்தரைக்குத் திறக்க வேண்டும், ஏலாதவை வேறு வேலை பாருங்கோ என்றார் மனேஜர். சொல்ல வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன். மனேஜரைக் கண்டதும் மேசை துடைக்கப் போய்விட்டேன்.

அந்த மாட்டுப் பண்ணை அமைச்சருக்குக் கோப்பி ஊற்றும்போது கோப்பை நிறைந்தது தெரியாமல் மேசையில் சிந்திவிட்டேன். "என்ன நடந்தது?" என்று கேட்டார். "டேகெயார் ஏழு மணிக்குத்தான் திறக்கும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் கோப்பையை வைத்துவிட்டு நேரே மனேஜரிடம் போய், "கன்ரீன் கதவுத் திறப்பைத் தாங்கோ, விடியக் கோப்பியை நாங்களே போடுறம்" என்றார். அமைச்சர்மார் கோப்பி போடுறது மரியாதையில்லை என்று மனேஜர் இழுத்தார். அமைச்சர் விடவில்லை.

"நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்பிவிட்டுக் கோப்பி குடிக்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் பெரியாக்கள் ஆகேல்லை."

மனேஜர் திறப்பைக் கொடுத்துவிட்டார். அவை மாகாணத்தை எப்படி ஆண்டினமோ எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஆட்சி முடியும்வரைக்கும் ஒரு நாளாவது குடிக்கிற மாதிரிக் கோப்பி போடவில்லை.