ஈரத்தில் போன டிப்ளோமா

என் ஓரகத்தி ஐம்பது வயதில் பட்டம் வாங்கினாள். என் கணவரின் தம்பி மனைவி. செய்தியைக் கேட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. பச்சை மிளகாயைக் கடித்த வாய் மாதிரி எரிந்தது. இதை நாசூக்காக எழுத எனக்குத் தெரியாது.

வேறு யாராவது வாங்கியிருந்தால் எனக்கென்ன? இவளும் நானும் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஒரே தொழில்நுட்பக் கல்லூரியில், ஒரே வகுப்பில் மின்சாரம் படித்தவர்கள். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டே பெண்கள். பட்டறையில் எங்களை ஒரே மேசையில் போட்டார்கள். மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி, மறுபடி ஓட வைப்பது நான். பக்கத்தில் நின்று கழற்றிய ஸ்க்ரூக்களைத் தட்டில் அடுக்குவது அவள். தேர்வு வந்தால் என் நோட்டை வாங்கிக்கொண்டு போவாள். பிறகு என் கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது அவளைச் சொன்னதும் நான்தான். கல்யாணம் ஆனதும் முறைக்காக என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குடியிருக்கும் பிரிஞ்சாங்கிலிருந்து மலைத் தோட்டத்து எங்கள் லைன் வீட்டுக்கு வந்தாள். பிரிஞ்சாங்கில் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை அவளுக்கு. எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், எந்திரப் பராமரிப்பில். கொழுந்து வாட்டும் காற்றாடிகள் நின்றுபோனால் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள். அன்று அவள் நெஞ்சோடு ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைலை அணைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, டிகிரி பண்ணலாமாம். பழைய டிப்ளோமா பாடத்தையெல்லாம் கணக்குல எடுத்துக்கிறாங்க. மூணுல ஒரு பங்கு படிக்கவே வேணாம். சனி, ஞாயிறு ஈப்போவுல கிளாஸ். சேந்து போலாமா?”

நான் சிரித்தேன். “பேரன் எடுக்கிற வயசுல ஸ்கூல் பேக்கா? போ லா. என் பேப்பரெல்லாம் ஈரத்துல போச்சுன்னு உனக்குத் தெரியாதா?”

அவள் ஃபைலைத் திறக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, ஊர்க்கதை கொஞ்சம் பேசிவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் பேப்பர் எதுவும் ஈரத்தில் போகவில்லை. எனக்கு டிப்ளோமாவே கிடையாது. கடைசிப் பருவத்தில் தொழிற்பயிற்சி. அதை இந்தத் தொழிற்சாலையிலேயே செய்தேன். அறிக்கை எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அதற்குள் கல்யாணம் நிச்சயமானது. பிறகு எழுதலாம் என்று விட்டேன், பிறகு எழுதவே இல்லை. சான்றிதழ் எங்கே என்று மாமியார் வீட்டில் கேட்டபோது, பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது என்றேன். இந்த மலையில் அதை யார் சந்தேகப்படுவார்கள்? இங்கே கல்யாண ஆல்பமே இரண்டு மழைக்காலம் தாங்காது. தோட்டத்துத் துரைகூட என் கைவேலையைப் பார்த்து வேலை கொடுத்தாரே தவிர பேப்பரைக் கேட்கவில்லை. இத்தனை வருடமும் என் கணவர் என்னை டிப்ளோமாக்காரி என்றே ஊரில் சொல்லி வந்தார். ஓரகத்திக்குப் பயிற்சி ஈப்போவில் நடந்தது, அதனால் அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் தனியாகச் சேர்ந்துவிட்டாள். ஈப்போவுக்கு இறங்கும் பாதை கம்போங் ராஜா வழியாகப் போகிறது. எங்கள் தோட்டத்து வாசல் அந்தப் பாதையில்தான். சனிக்கிழமை காலையில் அவள் கார் கடக்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். நான் துணி காயப்போடுகிற மாதிரி திரும்பிக்கொள்வேன். மழை வலுத்தால், மண் சரிந்து ரோடு மூடினால் தேவலை என்று நினைப்பேன். ஒரு சனிக்கிழமை நிஜமாகவே மூடிவிட்டது. அன்று அவளுக்குத் தேர்வு. எனக்கு இரண்டு கோப்பை தேநீர் அதிகமாக இறங்கியது. மத்தியானம் கொழுந்தன் போன் செய்தான்: “விடியறதுக்கு முன்னாடியே தாப்பா ரோட்டுல சுத்திப் போயிட்டா அண்ணி. டயத்துக்குப் போய் எழுதிட்டாளாம்.” நல்லதாப் போச்சு என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு ஒரு பாத்திரத்தைத் தேவையில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் பட்டமளிப்பு முடிந்து அவள் வீட்டில் விருந்து வைத்தார்கள். அங்கியும் தொப்பியுமாக அவள் நிற்கும் போட்டோவைப் பெரிதாக்கி, சாமி படத்துக்கு ஒரு சாண் தள்ளி மாட்டியிருந்தார்கள். சாமிக்கே அந்த அளவு சட்டம் இல்லை. என் கணவர் அதன் கீழே நின்று, “நம்ம குடும்பத்துல மொத டிகிரி,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். என் சாம்பாரை ஒரு நாள்கூட அவர் அப்படிப் புகழ்ந்ததில்லை.

“காலேஜ்ல இவ என் நோட்டைப் பாத்துத்தான் படிப்பா,” என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

“ஆமா, அக்காதான் எப்பவும் ஃபர்ஸ்ட்,” என்று சிரித்தாள் ஓரகத்தி. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

என் நாத்தனார், கணவரின் தங்கை, திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருப்பவள். அவள் வாய் சும்மா இருக்காது. “நீங்களும் டிப்ளோமாதானே அண்ணி? நீங்களும் பண்ணியிருக்கலாமே?”

“என் பேப்பர்தான் ஈரத்துல போச்சே.”

“காலேஜ்ல கேட்டா காப்பி குடுப்பாங்களே?”

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். ஓரகத்தி அப்பளத் தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினாள். “அங்க பழசைத் தேடி எடுக்கிறது லேசு இல்லம்மா. நானே நாலு தடவை நடந்தேன். நீ சாப்பிடு லா, ரசம் ஆறுது.”

தப்பித்தேன். அவள் தயவில் தப்பித்தது இன்னும் எரிந்தது.

கை கழுவும் சாக்கில் அவள் அறைக்குள் நுழைந்தேன். அவள் மதிப்பெண்களைப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியிருப்பாள், அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஒரு வாரமாவது நிம்மதியாகத் தூங்குவேன். அலமாரியில், மடித்து வைத்த சேலைகளின் மேல் அந்த நீல ஃபைல் இருந்தது.

மதிப்பெண் பட்டியல் முதலிலேயே இருந்தது. ஒன்றில்கூட அவள் தடுமாறவில்லை. அதற்கு அடியில் எங்கள் பழைய கல்லூரித் தாள் ஒன்றின் நகல். வகுப்பு முழுவதற்குமான முடிவுகளை ஒரே பட்டியலாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். என் பெயருக்கு நேரே எல்லாப் பாடத்திலும் அவளைவிட அதிகம். தொழிற்பயிற்சி என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் எண் இல்லை, ஒரு கோடு. அந்தத் தாளுக்கும் அடியில் ஒரு விண்ணப்பம். அவளுடைய உருண்டையான எழுத்தில் என் பெயர், அடையாள அட்டை எண், தோட்டத்து முகவரி, நான் தேறிய பாடங்கள் வரிசையாக. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

நிமிர்ந்தபோது ஓரகத்தி வாசலில் நின்றாள். கையில் பாயசக் கரண்டி.

“அன்னிக்கே குடுக்கத்தான் வந்தேன் அக்கா. ஈரத்துல போச்சுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படித் திறக்கிறது?”

“யார் யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. உங்க கொழுந்தனுக்கும் சொல்லல.”

“முடிக்காத டிப்ளோமாவுக்கு என்ன கணக்கு?”

“தேறின பாடம் தேறினதுதானாம், கேட்டுட்டேன். உங்க ஃபேக்டரி வேலைக்கும் கணக்கு உண்டாம். ஆனா முடிக்கலன்னு எழுதித்தான் குடுக்கணும். மறைக்க முடியாது.”

நான்கு வருடம். ஒரு தடவை, கோபத்தில்கூட, அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே லைன் முழுக்கத் தெரிந்திருக்கும். பட்டத்தை அவள் வாங்கியதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் குணத்தையும் அவளே வைத்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுகை முட்டியது. அவள் முன்னால் அழக் கூடாது என்று சேலைகளை அடுக்கினேன்.

“இந்த ஃபாரம் செல்லுமா?”

“பழசு செல்லாது. புதுசு எடுக்கணும்.”

“எடு,” என்றேன். குரல் அதிகாரமாகத்தான் வந்தது.

கூடத்துக்கு வந்தபோது பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். “எங்க அண்ணி போயிட்டீங்க?” என்றாள் நாத்தனார்.

உட்காராமல் நின்றபடியே சொன்னேன். “என் பேப்பர் ஈரத்துல போகல. நான் டிப்ளோமாவை முடிக்கவே இல்ல. இப்ப டிகிரிக்குப் போகப்போறேன்.”

என் கணவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே கீழே வைத்தார். நாத்தனார் திறந்த வாயை மூடவில்லை. சுவரிலிருந்த போட்டோவையும் யாரும் பார்க்கவில்லை, பின்னால் கரண்டியோடு நின்ற ஓரகத்தியையும் யாரும் பார்க்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக, அந்த வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.