அவன் பிழைத்தானா?

எதிர் ஃப்ளாட் அக்கா அந்தப் புத்தகத்தை நீட்டியபோது என் கை முதலில் போனது புத்தகத்துக்கு அல்ல, என் கழுத்துக்கு. இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. முந்தின நாள்தான் ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். தில்லிக் குளிரில் எல்லோரும் மப்ளரை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். நான் மட்டும், கட்டி விழித்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல் அதை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, குனியாமல் திரும்பாமல் நடந்துகொண்டிருந்தேன்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, அவர் எனக்கு இளையவராகக்கூட இருக்கலாம். கேட்கும் தைரியம் வந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கம், வங்கி வேலை. நாங்கள் மயூர் விஹாருக்குக் குடிவந்த நாளிலிருந்தே பழக்கம். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பார். மெட்ரோவில் போகும்போது தேனீக்களைப் பற்றி ஒன்று, வரும்போது கடற்பயணம் ஒன்று. படித்ததோடு விட்டாலும் பரவாயில்லை. யாராவது கஷ்டம் என்று வாயைத் திறந்தால், மற்றவர்கள் கஷாயம் சொல்வதுபோல் இவர் புத்தகம் சொல்வார். குழாய் உடைந்து ஹாலெல்லாம் தண்ணீர் நின்ற மூன்றாம் மாடிக்காரருக்கு, ஆற்று வெள்ளத்தில் ஊரே போகும் நாவலைக் கொடுத்தார். கெட்ட எண்ணமே கிடையாது. நன்றாக எழுதியிருக்கிறதா என்பது ஒன்றுதான் அவர் கணக்கு. துப்பறியும் கதைகளைத் தவிர வேறெதையும் தொடாதிருந்த நான், தேனீ எப்படி நடனமாடித் தேன் இருக்கும் திசையைச் சொல்லும் என்று ஆபீஸில் ஆடிக் காட்டும் அளவுக்கு முன்னேறியது அவரால்தான்.

"தம்பி, இதைப் படிங்க. இதுலயும் ஒருத்தனுக்குக் கழுத்துலதான் கட்டி வருது. அவ்வளவு அருமையா எழுதியிருக்கு."

"பிழைச்சுக்குவானாக்கா?"

"அதைச் சொல்லிட்டா பொறவு படிக்கதுல என்ன இருக்கு?"

முடிவைச் சொல்வதில்லை என்பதில் அக்கா அவ்வளவு கண்டிப்பு. ஒரு துப்பறியும் நாவலைப் பாதியில் ரயிலில் தொலைத்துவிட்ட அவர் கணவருக்கு, கொலைகாரன் யாரென்று இன்றுவரை தெரியாது.

படித்தேன். அவன் சவரம் செய்யும்போதுதான் கட்டியைக் கண்டுபிடிக்கிறான். நான் சவரம் செய்வதை நிறுத்தினேன். அவனுக்குப் பசி போயிற்று. எனக்கும் போயிற்று, மூன்றாவது பரோட்டாவோடு. அவன் மனைவி அடுக்களையில் யாருக்கும் தெரியாமல் அழுதாள். நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கள் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். என் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே வெங்காயம் இருந்தது. வெங்காயத்தை நான் நம்பவில்லை.

அதற்கு மேல் ஒரு பக்கம்கூட நகர முடியவில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்றால், என் கண்ணால் பார்க்கப் பயம். "உங்க கூத்துக்கு நான் ஆளில்ல" என்று மனைவி போய்விட்டாள். மிச்சம் இருந்தது மகள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். பால்கனி வெயிலில் உட்கார்ந்து வரிக்குக் கீழே விரலை வைத்து ஆரம்பித்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றடி என்ற ஒரு வார்த்தையைத் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, ஜனவரி மாதத்தில்.

"அப்பா, இங்க ஒரு ஆடு நிக்குது."

"அவன்?"

"அவன் இல்ல. ஆடு மட்டும்தான்."

"ஆடு எப்படி நிக்குது? சந்தோஷமாவா?"

"அரே அப்பா, ஆடு ஆடு மாதிரிதான் நிக்குது."

சிரிக்க வேண்டிய இடம்தான். வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் நான் கம்பியை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு எதிர் ஃப்ளாட்டுக்கு ஓடினாள்.

அக்கா பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வந்தார். வழக்கமாக அவரைக் கண்டதும் ஏதாவது கிண்டல் சொல்வேன். அன்று மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தார். கீழே கடைசிப் பக்கம் விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"பிழைச்சிருவான் தம்பி."

"நிஜமாவாக்கா?"

"ஆமா. ஆப்பரேசன் பண்ணி நல்லாயிருவான். கடைசில ஊருக்குப் போயி ஆடு வளக்கான். அந்த ஆடுதான் அது."

அன்று மத்தியானம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். முடிவு வரும்வரை பாக்கி இருந்த நாட்களை அந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன்.

பரிசோதனையில் வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்தது. "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் மனைவி. வீராதி வீரனாகப் புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து படித்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே அவன் செத்துப்போனான். மிச்சமெல்லாம் அவன் மனைவியின் கதை. ஆடு அவள் வாங்கியது.

திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"முழுசும் படிச்சாச்சா?" அக்கா என்னைப் பார்க்காமல், முந்தானையால் அட்டையைத் துடைத்தார்.

"படிச்சாச்சுக்கா."

"முடிவு எப்படி?"

"நீங்க சொன்ன முடிவுதான் நல்லா இருந்துச்சு."

இப்போது அக்கா மாற்றலாகி லக்னோவில் இருக்கிறார். எதிர் ஃப்ளாட்டில் வேறு யாரோ. மாதத்துக்கு ஒருமுறையாவது போனில் ஒரு புத்தகம் சொல்கிறார். எரிமலை, பட்டுப்புழு, யாரோ ஒரு சமையல்காரனின் சுயசரிதை. எல்லாவற்றையும் வாங்கிப் படிக்கிறேன். பழையபடி அவர் எந்த முடிவையும் சொல்வதில்லை. போனை வைக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. என்றாவது அவராகவே ஒரு முடிவைச் சொல்லிவிட்டால், நான் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டியதுதான்.