நிறம் ஏறாத ஐந்து மொட்டுகள்

சாமி மேடையின் வெள்ளை டைல்ஸ் மீது ஐந்து மொட்டுகள் கிடந்தன. ஆர்க்கிட் செடி நிமிர்ந்துதான் நின்றது. தண்டில் மட்டும் ஒன்றுமில்லை. அண்ணன் குனிந்து ஒன்றை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் கீறிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருந்தன. எல்லாம் வெளிர்பச்சை. மற்ற நான்கையும் அப்படியே ஒவ்வொன்றாகப் பிரித்தார். "இன்னும் நெறம் ஏறல, தம்பி" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கடல் பாலம் தாண்டிப் பிறைக்கு வேலைக்குப் போய்விட்டார். தைப்பூசம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தெருவில் உடைந்த தேங்காய்ச் சில்லுகளை நகராண்மைக் கழக ஆட்கள் இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் எனக்கு உறவு கிடையாது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் அவர் வீடு. அதன் பின்னறையில் நான் இரண்டு வருடம் குடியிருந்தேன். பதினாலு வயதில், படிவம் இரண்டோடு பள்ளிப் படிப்பை விட்டவன் நான். ஜுருவில் கார்ப் பட்டறை, பிறையில் தொழிற்சாலை, துறைமுகத்தில் மூட்டை என்று எங்கே ஆள் கேட்டார்களோ அங்கே போனவன். ஒரே கூரையின் கீழ் இரண்டு வருடம் இருந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நான் அங்கே போவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய மனைவி இறந்திருந்தார். அண்ணியை நான் பார்த்ததில்லை. வீட்டு முகப்பில் கம்பியில் தொங்கிய ஆர்க்கிட் செடிகளைத்தான் பார்த்தேன். முப்பது தொட்டி இருக்கும். கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்ட தொட்டிகள். மண்ணே இல்லாமல் வேரெல்லாம் வெளியே தொங்கும். அவற்றுக்கு எப்படித் தண்ணீர் விடுவது என்று அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இருந்தாலும் வாரக் கடைசியில் இருவரும் காப்பிக் கோப்பையோடு முகப்பில் உட்கார்ந்து பார்ப்போம். ஊதா, மஞ்சள், புள்ளி விழுந்த பழுப்பு என்று எது வந்தாலும் அண்ணன், "அட, இது வேறயா?" என்பார். அதே செடிகள் பத்து வருடமாக அதே இடத்தில் பூத்திருந்தன.

அவர் வெளியூர் லாரி ஓட்டியவர். ஜொகூர் போய்த் திரும்ப மூன்று நாள் ஆகும். வீட்டுக்கு வந்தால் தூக்கம். சந்து முனையில் ஒரு பெரிய மழைமரம் உண்டு. அதன் கிளைகளில் யாரும் வைக்காமல் தானாகவே ஒட்டி வளர்ந்த காட்டு ஆர்க்கிட் நிறைய. சிறிய வெள்ளைப் பூ, பறக்கும் புறாவைப் போல இருக்கும். மலாய்க்காரர்களும் அதைப் புறாப் பூ என்றுதான் சொல்வார்கள். வெயில் நாளில் திடீரென்று பெருமழை கொட்டி ஊர் குளிர்ந்தால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் எங்கள் தீவிலுள்ள எல்லா மரத்திலும் ஒரே காலையில் பூக்கும். சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். அண்ணி மழை பெய்த அன்றே நாட்காட்டியில் ஒன்பது எண்ணிக் குறித்துவைப்பாராம். அந்தக் காலையில் அண்ணன் வீட்டில் இருந்தால் எழுப்புவாராம். "பூதான புள்ள, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். இருபத்தாறு வருடம். ஒருமுறைகூட எழுந்து போனதில்லை என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. எந்த ஊரில் டயர் வெடித்தது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அண்ணி ஆஸ்பத்திரியில் இறந்தபோதும் அவர் மூவார் பக்கம் நெடுஞ்சாலையில் இருந்தார்.

தொட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் இன்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. அண்ணியே இரண்டு பூக்களின் மகரந்தத்தைச் சேர்த்துக் காய் பிடிக்க வைத்து, அந்தக் காயை ஆயர் ஈத்தாமில் இருந்த ஒரு சீன நாற்றுப்பண்ணைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். ஆர்க்கிட் விதை தூசியைப் போல இருக்கும். கண்ணாடிப் புட்டிக்குள் வைத்துத்தான் முளைக்க வைக்க வேண்டும். வந்த நாற்றுகளில் பிழைத்தது ஒன்றே ஒன்று. பூக்க நாலைந்து வருடம் ஆகும். தாய்ச் செடியைப் போலவும் பூக்கலாம், இரண்டிலும் இல்லாத நிறமாகவும் வரலாம். அது பூப்பதற்குள் அண்ணி போய்விட்டார். மற்ற எதைப் பற்றியும் கவலைப்படாத அண்ணன் இந்த ஒன்றைத் தினமும் பார்த்தார். தண்டு நீண்டு ஐந்து மொட்டு வைத்ததும், தைப்பூசம் முடியும்வரை ஜொகூர் ஓட்டமே வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். "இந்தத் தடவ தூங்க மாட்டேன்லா" என்று என்னிடம் சிரித்தார்.

தைப்பூச நாட்களில் அந்தச் சந்தில் கால் வைக்க இடம் இருக்காது. யாராவது கிள்ளிவிடுவார்களோ என்று பயந்து அந்தத் தொட்டியை உள்ளே கொண்டுபோய்ச் சாமி மேடையில் வைத்தது நான்தான். பக்கத்து வீட்டார் தண்ணீர்ப் பந்தலுக்கு வாங்கிய பிசாங் மாஸ் வாழைப்பழத்தில் மிச்சமான இரண்டு சீப்பு மேடையில் இருந்தது. தூசியும் சத்தமும் வராமல் இருக்கச் சன்னல்களைச் சாத்தியிருந்தோம். மூன்றாம் நாள் மொட்டுகள் மஞ்சளடித்தன. நான்காம் நாள் விழுந்தன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்: "எனக்குக் காட்ட வேணாம்னு உங்க அண்ணி நெனைக்கிறா. கூப்பிட்டப்ப நான் போகல இல்ல." நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். சில மாதங்களில் வழக்கம்போல எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஜுருவுக்குப் போய்விட்டேன்.

மூன்று வருடம் கழித்து, வேலை தேடி அலைந்து கடைசியில் அந்த ஆயர் ஈத்தாம் பண்ணையிலேயே லாரியில் தொட்டி ஏற்றும் வேலை கிடைத்தது. ஒருநாள் சந்தையில் எனக்காக வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழத்தை, மொட்டு வைத்த செடிகளுக்கு நடுவே வைத்து லாரிக் கதவைச் சாத்தப் போனேன். தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, ஓடிவந்து கத்தினார். அவர் பேசுவது மலாய், நடுநடுவே பத்துத் தமிழ் வார்த்தை. "கீலாவா நீ, பைத்தியமா? பழம், பூ ஒரே வண்டியா? மொட்டு எல்லாம் கொட்டும்லா!" பழுக்கிற பழம் ஏதோ ஒரு வாயுவை விடுமாம். மூடிய இடத்தில் அது பட்டால் ஆர்க்கிட் மொட்டு தாங்காதாம். ஆர்க்கிட் வளர்க்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும் என்றார். நான் பழத்தைக் கீழே இறக்கினேன். மீதித் தொட்டிகளை ஏற்றி முடித்தேன். அந்த வாரம் முழுக்க வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

முகப்பில் எல்லாத் தொட்டியும் இருந்தது. அண்ணியின் நாற்று தொங்கிய கம்பி மட்டும் வெறுமையாக இருந்தது. போன வருடம் மறுபடியும் மொட்டு வைத்ததாம். விரிவதற்கு முன்பே, கூட வேலை செய்த ஒருவர் ஊர் மாறிப் போனபோது அண்ணன் செடியை அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அந்த ஆளின் தொலைபேசி எண்ணும் இப்போது மாறிவிட்டது. "அவ காட்ட இஷ்டப்படாதத நான் திருட்டுத்தனமாப் பாக்கறதா?" என்றார். சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. காப்பி ஆறும்வரை யோசித்தேன். பிறகு சொன்னேன். சாமி மேடை, சாத்திய சன்னல், பழம், தவுக்கே கத்தியது, தொட்டியை உள்ளே வைத்தது நான் என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அண்ணன் தெருப் பக்கம் திரும்பினார். "எத்தன சீப்பு?" என்று கேட்டார்.

"ரெண்டுண்ணே."

தலையாட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"தெனமும் வேல விட்டு வந்து அவகிட்டப் பேசுவேன், தம்பி. கோவத்துல இருக்காளேன்னு, சமாதானம் பண்றதுக்கு. இன்னிக்கு இந்த ரோட்டுல போனேன், இத சாப்ட்டேன்னு எல்லாத்தயும் சொல்லுவேன். உயிரோட இருந்தப்பகூட அவ்ளோ பேசுனதில்ல." கோப்பையைக் கீழே வைத்தார். "கோவமே இல்லைன்னா, இனி என்னத்தப் போயிப் பேசறது?"

இப்போதும் மாதம் ஒருமுறை அங்கே போகிறேன். செடிகள் பூத்திருந்தால் இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம். அவர் "அட, இது வேறயா?" என்று சொல்வதில்லை.