உதட்டுப் பேச்சு

ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஜரினா முதலில் மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பாள். மார்கழிக் குளிரானாலும் அப்படித்தான். அந்தப் பழைய விசிறியின் கடகடப்பில், வெளியே பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் உறவுக்காரர்களுக்கு ஒரு சொல்லும் எட்டாது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம், மருந்துக்கடை மாடியில் அவளுடைய அறை. ‘மனநல ஆலோசகர்’ என்று பலகை வைத்தபோது படியேற ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அதைக் கழற்றிவிட்டு, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ‘தையல் வகுப்பு’ பலகையையே மறுபடி மாட்டினாள். இப்போது ஆண்கள்கூட ரவிக்கைத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார்கள். “காய்ச்சலுக்கு ஊசி போடப் போறவன் ஒளிஞ்சா போறான்? மனசு நொந்தவன் மட்டும் ஏன் களவாணி மாதிரி வரணும்?” என்று கேட்கும்போது அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும்.

முன்பு ஓர் இலவச முகாமில் வேலை பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் பரீட்சையில் தோற்றவனுக்கும் அங்கே ஒரே மருந்து: “பாசிட்டிவா இருங்க, வாக்கிங் போங்க.” சேர்ந்த அன்று மாலையே அந்த வேலையை விட்டுவிட்டாள். “செருப்பு வாங்கப் போனாக்கூட கால் அளவு பாக்காங்க. மனசுக்கு அது கெடையாதா?”

போன மாதம் கருத்தப்பாண்டியை அவருடைய அண்ணன் ஆறுமுகச்சாமி மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தார். அண்ணனுக்கு உரக்கடை. தம்பி விசைத்தறி ஓட்டுகிறவர். மனைவி இறந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. வெளியூரில் ஆட்களைப் பூட்டிவைக்கிற ஓர் இல்லத்தில் தம்பியை விட்டுவர அண்ணன் வேன் பேசிவிட்டார். அது கீழே நின்றது. தறி முதலாளி கெஞ்சியதற்காக, போகிற வழியில் ஒருதரம் இங்கே.

“சாப்பிடுதீகளா?” என்று ஜரினா தம்பியைக் கேட்டாள்.

“சாப்பிடுதான்,” என்றார் அண்ணன்.

“தூக்கம் வருதா?”

“கட்டையப் போட்ட மாதிரி தூங்குதான்.”

“மனசுக்கு எப்படி இருக்கு?”

“அவனுக்கு என்ன? பொண்டாட்டி செத்து வருசம் திரும்பப் போவுது. இன்னுமா? நாங்க பாக்காத சாவா?”

ஜரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒங்களுக்குப் பேச நெறைய இருக்கும்போல. தனியா நேரம் தாரேன். இப்ப வெளிய இருங்க அண்ணாச்சி.”

கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துக் கனிவாகக் கேட்டுப் பார்த்தாள். கருத்தப்பாண்டி தரையையே பார்த்திருந்தார். பிறகுதான் கவனித்தாள்: அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. தறி இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. அங்கே உதட்டசைவுதான் பேச்சு. ஜரினாவின் அம்மா அலிமா பீவியும் கடையநல்லூரில் தறி ஓட்டியவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தறிக்கூட வாசலில் நின்று, பசிக்கிறது என்று ஜரினா உதட்டால்தான் சொல்வாள்.

குரலை விழுங்கிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்தாள்: “ஒங்க வீட்டுக்கார அக்கா பேரு என்ன?”

அவர் தலை நிமிர்ந்தது. “கோமதித்தாய்” என்றது உதடு.

அப்புறம் எல்லாமே வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று மனைவி போன் அடித்திருக்கிறாள். போன், ஆணியில் தொங்கிய சட்டைப் பையில். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. “விதி” என்று சொல்லி ஊரே அவர் வாயை அடைத்தது. அந்த போனைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு மனிதப்பிறவிகூடக் கேட்கவில்லை. ஜரினா கேட்டாள். அவர் அழுததற்கும் சத்தம் இல்லை.

கதவு படாரென்று திறந்தது. “என்னம்மா இது? இவ்வளவு நேரமா ஃபேன் ஓடுத சத்தத்தத் தவிர ஒண்ணுமே கேக்கல. இதுக்குப் பேரு வைத்தியமா?”

“ஒட்டுக் கேட்டீகளாக்கும்?”

“என்னத்தக் கேக்க? இவன்தான் பேசவே இல்லையே!”

“பேசுனாக.”

“என்ன பேசுனான்?”

“அத அவுககிட்ட கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. “எந்திரிலே, வண்டி நிக்கி,” என்று மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். கருத்தப்பாண்டி எழவில்லை. உதடு அசைந்தது.

“என்னத்த முனங்குதான்?”

“முனங்கல. ஒங்ககிட்டதான் சொல்லுதாக. மொகத்தப் பாருங்க அண்ணாச்சி! இத்தன நாள்ல ஒருதரமாச்சும் பாத்தீகளா?”

ஆறுமுகச்சாமி பார்த்தார். தறிக்குப் புதிதாக வந்தவனிடம் சொல்வதுபோல, கருத்தப்பாண்டி நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சொன்னார்.

“வர மாட்டேங்கியா?” அண்ணனின் பிடி தளர்ந்தது.

கீழே வேன் ஹார்ன் பொறுமையிழந்து கத்தியது. ஜரினா சன்னலுக்குப் போனாள். எட்டிப் பார்த்த வண்டிக்காரனை நேராகப் பார்த்து, குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அழுத்திக் குவித்துச் சொன்னாள்: “போ.”