ஸ்லைடக்காவும் கண்ணில் படாத வெளிச்சமும்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து வேலை பார்த்தவளை எல்லோரும் ஸ்லைடக்கா என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு சொட்டு ரத்தத்தை ஒரே இழுப்பில் மெல்லிசாகத் தீற்றிவிடுவாள். அந்த லாவகம் அங்கே வேறு யாருக்கும் கைவரவில்லை.

ஒரு வாரமாகப் பல் துலக்கும்போது எச்சிலில் சிவப்பு தெரிந்தது. பிரஷ் முரடு என்று நினைத்துக்கொண்டாள். பிறகு முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்தினாற்போல் செம்புள்ளிகள் வந்தன. பஸ் கம்பியில் லேசாக இடித்த தோள் மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. ஊரார் உடம்பில் இதெல்லாம் வந்தால் என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். தன் உடம்பு என்றதும் சாக்கு மேல் சாக்காகத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு நாள் காலையில், பக்கத்து மேசைக்காரரிடம் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஆறாயிரம் என்றது மெஷின். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக்கூடாத கணக்கு அது. டியூபில் ரத்தம் உறைந்து கணக்கு குறைந்திருக்கும் என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஆறாயிரம். ஸ்லைடு போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பார்வை வட்டத்திலும் பத்துப் பதினைந்து தட்டணுக்கள் ஊதாத் துணுக்குகளாகத் தூசு மாதிரி சிதறிக் கிடக்க வேண்டும். நகர்த்திக்கொண்டே போனாள். நாலாவது வட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தது.

பத்தாயிரத்துக்குக் கீழே போனால் உடனே ரத்த நோய் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் விதி. விதிப்படி செய்தாள்.

"டாக்டரம்மா, ஒரு பிளேட்லெட் ஆறாயிரம். ஸ்லைடும் பாத்துட்டேன், நெஜம்தான்."

"எந்த வார்டு அக்கா?"

"வார்டு இல்ல. நான்தான்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "இருக்கற எடத்துலயே உக்காருங்க. எதுலயும் இடிச்சுக்காதீங்க. நான் வரேன்."

உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே சொந்தத் தட்டணுக்களைத் திருடன் என்று நினைத்து அழிக்கிற நோய் அது. மண்ணீரலில் வைத்து அழிப்பது போதாதென்று, எலும்பு மஜ்ஜையில் அவற்றை உண்டாக்கும் தாயணுக்களையும் அது படுத்தியது. மாத்திரை கொடுத்தார்கள். எண்ணிக்கை ஏறியது, கூடவே முகமும் பூசணிக்காயாக உப்பியது. அளவைக் குறைத்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. அடுத்த மருந்தும் கைகொடுக்கவில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன், வீட்டில் முனை என்று இருந்ததற்கெல்லாம் ரப்பர் ஒட்டினார். மேசை, கட்டில், அலமாரி எதுவும் தப்பவில்லை. வீடு டயர்க்கடை மாதிரி நாறுகிறது என்று அவள் சொன்னபோது, ஒரு வருஷத்துக்குப் பஞ்சர் ஆகாது என்றார்.

மண்ணீரலை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோதுதான் டாக்டரம்மா ஒரு புது ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். சிவப்புக்கும் அப்பால் உள்ள, கண்ணில் படாத ஒரு வெளிச்சம். தோலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போகும். தாயணுக்களுக்குள் இருக்கும் சக்திக்கூடங்களுக்கு அது தெம்பு கொடுப்பதாக எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு இப்போதுதான் தொடங்குகிறார்கள், எதையும் உறுதி சொல்ல முடியாது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"டார்ச் அடிச்சு வியாதிய வெரட்டறதா?" என்றார் புருஷன்.

"நல்லா இருக்கறவங்க எலும்புக்குள்ள ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி பிளேட்லெட் உருவாகுதுங்க. அது மட்டும் நம்பற மாதிரியா இருக்கு?" என்றாள் டாக்டரம்மா.

ஸ்லைடக்கா இருபத்திரண்டு வருடம் எண்ணியிருக்கிறாள். இவ்வளவும் தினம் தினம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தாயணுவை மஜ்ஜை ஸ்லைடுகளில் பார்த்திருக்கிறாள். ஆட்டு மந்தைக்குள் யானை நிற்பதுபோல் நிற்கும். அது தன் உடம்பையே பிய்த்துப் பிய்த்து ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் விடும். அப்படிப்பட்டது தன் எலும்புக்குள் தெம்பில்லாமல் கிடக்கிறது என்று எண்ணியபோது அவளுக்கு அதன்மேல் பரிவு வந்தது. ஆராய்ச்சியில் சேரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம். மார்பெலும்பின் மேலும் இடுப்பின் இரு பக்கமும் அந்த வெளிச்சம் வரும் பட்டைகளை வைத்துக் கட்டுவார்கள். முதல் நாள் நர்ஸ் பட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்து ஸ்விட்சைப் போட்டாள். ஒன்றுமே தெரியவில்லை. கரண்ட் வருகிறதா என்று லிஃப்ட்காரர் தொழில் புத்தியோடு கேட்டார். போன் கேமராவில் பாருங்கள் என்றாள் நர்ஸ். அவர் போனைத் தூக்கிப் பிடிக்க, வெறும் சுவராக இருந்த இடத்தில் வெளிர் ஊதாவாக ஒரு வட்டம் பூத்தது. போனை விலக்கினால் சுவர், வைத்தால் ஊதா. கேலி பேசிக்கொண்டிருந்தவர் நாலைந்து தடவை அப்படியே செய்து பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுத்த அவள், லேசான கதகதப்பை உணர்ந்தபடி, அந்த ஊதா தன் எலும்பைத் தேடிப் போவதாக நினைத்துக்கொண்டாள்.

அவள் ரத்தத்தை அவளே பார்க்கக்கூடாது என்று டாக்டரம்மா தடை போட்டிருந்தாள். சோடாபுட்டிதான் பார்த்தார். முதல் நாலு வாரம் ஒன்பது, ஏழு, பதினொன்று, எட்டு என்று ஆயிரங்கள் இருந்த இடத்திலேயே நொண்டின. ஐந்தாவது வாரம் பத்தொன்பது. அடுத்த வாரம் மறுபடி பன்னிரண்டுக்கு இறங்கியது. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஏழாவது வாரம் சோடாபுட்டி மைக்ரோஸ்கோப்பைவிட்டு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் குனிந்தாள். வட்டத்தில் நாலைந்து துணுக்குகள். அதில் இரண்டு, சிவப்பணு பருமனுக்கு, ஓரம் கிழிந்த மேகம்போல இருந்தன. மஜ்ஜையைவிட்டு அப்போதுதான் வெளியே வந்த இளசுகள் அப்படித்தான் இருக்கும்.

"இது என்னோடதா?"

"எண் போட்ட டியூப். யாரோடதுன்னு நான் சொல்லக்கூடாது," என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

அவள் எழுந்திருக்கவில்லை. தன் எலும்பின் இருட்டிலிருந்து வந்தவற்றைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோவிலோ பூசையோ அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கைகள் தாமாகக் குவிந்தன.

மூன்று மாதம் முடிந்தபோது எழுபத்திரண்டாயிரம். மாத்திரை பாதியாகக் குறைந்தது, ஆபரேஷன் தள்ளிப்போனது. ஆராய்ச்சியில் சேர்ந்த பதினாலு பேரில் ஐந்து பேருக்குத்தான் ஏறியது என்றும், அதிலும் வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு, தானாக ஏறியது எவ்வளவு என்று இப்போதைக்குப் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் டாக்டரம்மா சொன்னாள். பலன் கிடைக்காத ஒன்பது பேரை நினைத்து ஸ்லைடக்கா சந்தோஷத்தை அடக்கிக்கொண்டாள்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, தகர டப்பாவைத் திறக்கும்போது மூடி விரலைக் கீறிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த புருஷன் துணியால் கட்டப் போனார்.

"இருங்க. கடிகாரத்தப் பாருங்க. நல்லா இருக்கறவங்களுக்கு அஞ்சாறு நிமிஷத்துல தானா நிக்கணும்."

ரத்தம் துளிர்த்தது, திரண்டது, ஒரு சொட்டு விழுந்தது. இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சொட்டு விழவில்லை. விளிம்பு மெல்ல இருண்டு கெட்டியானது.

"நாலு நிமிஷம்," என்றார் அவர், ரகசியம் சொல்வதுபோல.